சிங்கத்தின் வாயில் இழுபட்ட ரேஞ்சர்: 1903 நிகழ்வு ஆய்வும் வேட்டை வழிகாட்டி வேலையும்

1903 ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவின் சாபி வனவிலங்குக் காப்பகத்தில், ஹாரி வொல்ஹூட்டர் என்ற ரேஞ்சரை ஒரு சிங்கம் வலது தோளில் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. அவர் இடது கையால் இடுப்புக் கத்தியை உருவி அதைக் குத்திக் கொன்றார். ஆப்பிரிக்காவில் பெரிய விலங்கு வேட்டை வழிகாட்டிகளை, அதாவது வாடிக்கையாளர்களை வேட்டைக்குக் கூட்டிப்போகிறவர்களை, பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கதையும் கூடவே வரும். சொல்கிறவர்கள் பெரும்பாலும் கத்தியில் ஆரம்பித்துக் கத்தியிலேயே முடித்துவிடுவார்கள்.

கத்தி வேலை செய்தது சில நொடிகள். அந்த நொடிகளுக்கு முன்னால் சில மணி நேரம் இருக்கிறது, பின்னால் பல நாட்கள் இருக்கின்றன. அவர் செத்துப்போவதற்கான வாய்ப்புகளும் சரி, பிழைத்ததற்கான காரணங்களும் சரி, பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. இன்றைக்கு ஒருவர் வேட்டை வழிகாட்டி வேலைக்கு வர விரும்பினால் அவரைச் சோதிப்பதும் அந்த முன்னையும் பின்னையும் வைத்துத்தான். அதனால் இந்த நிகழ்வை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஆள் யார், அங்கே எப்படி வந்தார்

வொல்ஹூட்டர் பிறந்தது 1876இல். முறையான படிப்பு, பயிற்சி, உரிமம் எதுவும் இல்லாமல்தான் காட்டு வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் அப்படி எதுவும் இருக்கவும் இல்லை. கிழக்கு டிரான்ஸ்வாலின் தாழ்நிலக் காட்டில் வளர்ந்து, வேட்டையாடி, அங்குள்ளவர்களின் மொழியைப் பேசப் பழகியவர். பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளுக்கும் நடந்த போயர் போரின்போது, பிரிட்டிஷ் தரப்பில் ஸ்டைனெக்கர்ஸ் ஹார்ஸ் என்ற, நிரந்தர ராணுவத்தைச் சேராத குதிரைப்படையில் இருந்தார். கொமாட்டிபூர்ட் பக்கம் சுற்றிய படை அது.

போர் முடிந்த 1902இல் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அந்தக் காட்டைப் பற்றி அதிகம் தெரியாது. தெரிந்த ஆட்களைத் தேடினார். முதலில் எடுத்தவர்களில் வொல்ஹூட்டர் ஒருவர். வேட்டைக்காரனையே காவலுக்கு வைத்துவிட்டார் என்று சொல்லலாம். பின்னாளில், 1926இல், இந்தக் காப்பகத்தையும் உள்ளடக்கித்தான் க்ரூகர் தேசியப் பூங்கா உருவானது.

ஆக, சம்பவம் நடந்தபோது அவர் புதிய ரேஞ்சர், ஆனால் பழைய காட்டுக்காரர். இதைக் குறித்துவைக்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு அவர் எடுத்த முடிவுகள் எதுவும் அறியாத ஆளின் முடிவுகள் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் தினமும் எடுக்கிற முடிவுகள்தான்.

அந்த மாலை

ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுப் பக்கம் ரோந்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரோடு ஆப்பிரிக்க உதவியாளர்கள் சிலர், சுமை ஏற்றிய கழுதைகள், நாய்கள். அந்தப் பகுதியில் ஆகஸ்ட் என்பது மழையில்லாத பருவத்தின் பின்பகுதி. இரவு தங்க நினைத்த இடத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. அடுத்த நீர்நிலைக்குப் போய்விடலாம் என்று முடிவானது. கழுதைகள் மெல்ல நடக்கும் என்பதால், அவர் குதிரையில் முன்னால் கிளம்பினார். 'புல்' (Bull) என்று பெயர் வைத்த நாய் மட்டும் கூடவே ஓடி வந்தது. அதற்குள் இருட்டிவிட்டது.

வழியில் நாய் குரைத்தது. புல்லுக்குள் ஏதோ அசைந்தது. அங்கே ரீட்பக் மான்கள் அதிகம். அவற்றில் ஒன்று எழுந்து ஓடுகிறது என்று நினைத்தார். அசைவு விலகிப் போகாமல் நேராக அவரை நோக்கி வந்தது. சிங்கம் என்று புரிந்தபோது அது மிக அருகில் இருந்தது. சுட நேரமில்லை. குதிரையை வெடுக்கென்று திருப்பினார். அந்தத் திருப்பத்தில் சிங்கத்தின் தாவல் சரியாக அமையவில்லை. குதிரையின் பின்புறத்தில் நகம் கீறி, பிடி வழுக்கியது. குதிரை துள்ளியதில் அவர் கீழே விழுந்தார். ரைஃபிள் கையை விட்டுப் போனது.

விழுந்த இடத்தில் இரண்டாவது சிங்கம் இருந்தது. மறுபக்கத்திலிருந்து குதிரையை மறிக்க வந்துகொண்டிருந்த அதன்மேலேயே ஏறக்குறைய விழுந்தார். முதல் சிங்கம் குதிரையைத் துரத்திக்கொண்டு போக, இரண்டாவது அவரைப் பிடித்துக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு சிங்கங்களுக்கும் இலக்கு குதிரைதான், மனிதர் இல்லை. ஒன்று பாய்ந்து விரட்ட, மற்றொன்று ஓடும் பக்கத்தில் காத்திருப்பது வரிக்குதிரையைப் பிடிக்கும் வழக்கமான முறை. இருட்டில், தனியாக, நான்கு கால் இரையின் மேல் உட்கார்ந்து போகிறவர் அந்தக் கணக்குக்குள் தானாகவே வந்துவிடுகிறார். தண்ணீர் வற்றியதில் தொடங்கி, நேரம் தப்பியது, கூட்டத்தைவிட்டுப் பிரிந்தது, சத்தத்தை மான் என்று எடுத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சாதாரணம். நாலும் ஒரே மாலையில் சேர்ந்துகொண்டன.

இழுபட்ட தூரம்

சிங்கம் அவருடைய வலது தோளைக் கவ்வி, மல்லாந்த நிலையில் இழுத்துச் சென்றது. அவர் உடம்பு அதன் வயிற்றுக்கடியில் கிடந்து நகர்ந்தது. முகம் அதன் பிடரி மயிரில் புதைந்திருந்தது. ஏறக்குறைய 60 கஜம் இப்படிப் போனது. பூட்ஸில் இருந்த குதிமுட்கள் (குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் முட்கள்) தரையில் குத்திக்குத்தி மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சிங்கம் தலையைக் கோபமாக ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். அப்போது தோளில் பதிந்த பற்கள் இன்னும் ஆழமாகக் கிழிக்கும். கடைசியில் குதிமுள்ளின் தோல்வார்களே அறுந்துபோயின. அந்த நேரம் முழுக்க சிங்கம் ஒரு பெரிய பூனையைப் போல உறுமலும் முனகலும் கலந்த ஒரு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது என்கிறார்.

வலியைப் பற்றி அவர் சொல்வது முக்கியம். 1844இல் தென்னாப்பிரிக்காவின் மபோட்ஸாவில், மதப் பிரசாரகரும் ஆய்வுப் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டனை ஒரு சிங்கம் பிடித்து உலுக்கியது. அப்போது கனவில் இருப்பதுபோல் இருந்தது, வலியும் இல்லை பயமும் இல்லை என்று லிவிங்ஸ்டன் எழுதியது உலகப் புகழ் பெற்றுவிட்டது. தனக்கு அப்படி எந்தக் கருணையும் கிடைக்கவில்லை, வலி தாங்க முடியாததாக இருந்தது என்பதே வொல்ஹூட்டரின் வாக்குமூலம். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் உடம்பு தானாக மரத்துப்போகும் என்று நம்பி யாரும் காட்டுக்குள் போகக் கூடாது.

அந்த வலியிலும் அவருக்குக் கத்தி நினைவுக்கு வந்தது. லண்டன் ஸ்மித்ஃபீல்டில், அதாவது இறைச்சிச் சந்தைக்குப் பேர்போன இடத்தில் செய்த கத்தி. பெல்ட்டின் பின்பக்கம், வலது இடுப்பை ஒட்டி உறையில் இருந்தது. முன்பு குதிரையிலிருந்து விழுந்தபோதெல்லாம் அது உறையைவிட்டு நழுவியிருக்கிறது. இப்போது இருக்குமா என்ற சந்தேகம். வலது கை பயன்படாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினார். கத்தி இருந்தது. சிங்கம் சந்தேகப்பட்டுப் பிடியை மாற்றிவிடாதபடி, செத்த பிணம்போல் கிடந்துகொண்டே அதை மெல்ல எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஒரு மரத்தடியில் சிங்கம் நின்றது. இதயம் எங்கே இருக்கும் என்று தடவிக் கணக்குப் போட்டு, அதன் இடது தோளுக்குப் பின்னால் புறங்கை வீச்சில் இரண்டு குத்து. உடனே தொண்டையில் மேல்நோக்கி மூன்றாவது. ரத்தம் அவர்மேல் கொட்டியது. சிங்கம் அவரை விட்டது. விட்டதே தவிர, விழவில்லை. சில அடி தள்ளி, அவரைப் பார்த்தபடி நின்றது.

வேட்டை வழிகாட்டிகள் அடிக்கடி எச்சரிப்பது இந்த இடத்தைத்தான். இதயத்தில் அடிபட்ட பெரிய விலங்கு உடனே சாவதில்லை. மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீரும்வரை அது ஓடும், பாயும், கடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு ஆளைக் கொல்ல முடியும். வொல்ஹூட்டர் எழுந்து நின்று, ஓடாமல், அதன் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தித் திட்டினார். சிங்கம் திரும்பி இருட்டுக்குள் போனது. முனகல் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது.

கத்திக்குப் பிறகு

பெரும்பாலான கதைகள் இங்கே முடிந்துவிடும். அவருக்கோ பாதிதான் முடிந்திருந்தது.

முதல் சிங்கம் இன்னும் உயிரோடு வெளியே இருந்தது. குதிரை தப்பிவிட்டால் அது திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். புல்லுக்குத் தீ வைக்கப் பார்த்தார். பனியில் நனைந்திருந்ததால் பற்றவில்லை. பிறகு ஒற்றைக் கையோடு மரம் ஏறினார். மயக்கம் வந்து விழுந்துவிடாமல் இருக்கத் தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டார். இந்த ஒரு செயலை நான் கத்திக் குத்துக்கு இணையாக வைப்பேன். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, இன்னும் சற்று நேரத்தில் தனக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை அது.

நினைத்தபடியே முதல் சிங்கம் ரத்த வாடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. குதிரைக்குப் பின்னால் ஓடியிருந்த நாய் 'புல்'லும் திரும்பி வந்திருந்தது. அவர் மேலிருந்து உசுப்பிவிட, நாய் குரைத்துக் குரைத்து சிங்கத்தைச் சுற்றிவந்தது. சிங்கம் கொஞ்சம் விலகும், மறுபடி வரும். பின்னால் நடந்து வந்த உதவியாளர்கள் வந்து சேரும்வரை இந்த இழுபறி நீண்டது.

அவர்கள் அவரை இறக்கி, இருட்டிலேயே பக்கத்துத் தங்குமிடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். மறுநாள் சிலர் திரும்பிப்போய்த் தேடியபோது சிங்கம் செத்துக் கிடந்தது. தோலை உரித்து வந்தார்கள். அப்புறம் டோலி கட்டி அவரைக் கொமாட்டிபூர்ட் வரை சுமந்தார்கள். நாலைந்து நாள் பயணம். அங்கிருந்து ரயிலில் பார்பர்டன் மருத்துவமனை.

சிங்கத்தின் கடியில் ஆளைக் கொல்வது பல நேரங்களில் கடி இல்லை, அதற்குப் பிறகு வரும் சீழ்தான். அழுகிய இறைச்சி ஒட்டிய பற்களும் நகங்களும் கிருமிகளை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். வெளியே சின்னத் துளையாகத் தெரிவது உள்ளே மூடிக்கொண்டு அழுகும். அப்போது பெனிசிலின் கிடையாது. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயின் சகோதரர் ஜார்ஜ் கிரே 1911இல் கென்யாவில் சிங்கத்திடம் அடிபட்டார். நைரோபி மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்தார். அவரும் நல்ல அனுபவம் உள்ள வேட்டைக்காரர்தான். வொல்ஹூட்டருக்கும் புண் விஷமேறிப் பல வாரம் இழுத்தது. பிழைத்தார், ஆனால் வலது கை பழையபடி ஆகவில்லை.

சாட்சியம் பற்றி ஒரு வார்த்தை. கவ்விய நேரத்திலிருந்து மரம் ஏறும்வரை நடந்ததற்கு அவர் ஒருவரே சாட்சி. இருந்தாலும் செத்த சிங்கத்தை மற்றவர்கள் கண்டெடுத்தார்கள், காயத்தை மருத்துவர்கள் பார்த்தார்கள். தோலும் கத்தியும் இன்றும் க்ரூகர் பூங்காவின் ஸ்குகுசா முகாமில் காட்சிக்கு இருக்கின்றன. சட்டாரா, சொக்வானே முகாம்களுக்கு இடைப்பட்ட லிண்டாண்டா பகுதியில் சம்பவ இடத்தில் நினைவுக்கல்லும் இருக்கிறது. அந்தக் காலத்து வேட்டைக் கதைகளோடு ஒப்பிட்டால் இது நன்றாகவே நிற்கிறது. ஒரு குறை மட்டும்: "ஒற்றை ஆளாய்ச் சிங்கத்தைக் கொன்றவர்" என்று சொல்லிச்சொல்லி, அவரைத் தூக்கிச் சுமந்தவர்கள் கதையிலிருந்து காணாமல் போய்விட்டார்கள். அவர்கள் வராவிட்டால் மரத்தில் கட்டிய பிணம்தான் மிஞ்சியிருக்கும்.

இன்றைக்கு இந்த வேலைக்கு வருவது

இப்போது ஆப்பிரிக்காவில் வேட்டை வழிகாட்டி ஆக மிகக் கடினமான பாதை என்று பெயரெடுத்தது ஜிம்பாப்வே. முதலில் எழுத்துத் தேர்வு: வனவிலங்குச் சட்டம், விலங்குகளின் பழக்கமும் வாழிடமும், துப்பாக்கிகள், பொது அறிவு. தேறினால் கற்றுக்கொள்பவருக்கான உரிமம். அப்புறம் உரிமம் பெற்ற ஒருவரின் கீழே குறைந்தது இரண்டு ஆண்டு உழைக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டில் வண்டி பழுது பார்ப்பது, முகாம் போடுவது, தோல் உரிப்பது, பணியாளர்களின் சண்டையைத் தீர்ப்பது என்று பாதிக்கு மேல் துப்பாக்கியே தொடாத வேலைதான். முதலுதவிச் சான்றிதழ் வேண்டும், சுடும் தேர்வில் தேற வேண்டும். ஆபத்தான விலங்கு வேட்டைகளில் கூட இருந்ததற்கான பதிவுகளும் காட்ட வேண்டும்.

கடைசியில் காட்டுக்குள் சுமார் ஒரு வாரம் செய்முறைத் தேர்வு. பூங்கா அதிகாரிகளும் மூத்த வழிகாட்டிகளும் தேர்வாளர்கள். முகாம் அமைப்பதிலிருந்து சாப்பாடு போடுவது வரை பார்ப்பார்கள். தடம் பிடித்துப் போகும்போது காற்று எந்தப் பக்கம், புதர் எவ்வளவு அடர்த்தி, எப்போது நிறுத்துகிறார், எப்போது திரும்புகிறார் என்று கவனிப்பார்கள். எங்கே சுட வேண்டும் என்று தெரிந்தவர்கள்கூட எப்போது சுடக் கூடாது என்பதில் கோட்டைவிட்டுத் தோற்பது உண்டு.

துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு. யானை, எருமை, நீர்யானைக்குக் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் தேவை. அதனால்தான் .375 அங்குலக் குண்டு சுடும் துப்பாக்கி அங்கே குறைந்தபட்ச அளவாகப் பேசப்படுகிறது. அலாஸ்காவில் பாதை வேறு. உதவி வழிகாட்டியாகத் தொடங்கிப் பல பருவங்கள் உழைத்த பிறகுதான் பதிவு பெற்ற வழிகாட்டி ஆக முடியும். வெளி மாநிலத்தவர் பழுப்புக் கரடி வேட்டைக்குப் போனால் வழிகாட்டியோ, அங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூட வர வேண்டும் என்பது சட்டம்.

இந்தச் சோதனைகளை வொல்ஹூட்டரின் மாலையோடு வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். இருட்டுக்கு முன் தண்ணீருக்குப் போய்ச் சேர்வது பயணத் திட்டம். கூட்டத்தைவிட்டுப் பிரியாமல் இருப்பது ஒழுங்கு. புல்லில் அசைவது மானா, வேறொன்றா என்பது விலங்குப் பழக்கம். துப்பாக்கி கையைவிட்டுப் போனால் அடுத்தது என்ன, அது உடம்பில் எங்கே இருக்கிறது, எந்தக் கைக்கும் எட்டுமா என்பது சாதனம். வலது கை பழக்கமுள்ளவர் வலது இடுப்புக்குப் பின்னால் கத்தி வைப்பது வசதி. அந்த வலது கையே போய்விட்டால் அது எவ்வளவு கஷ்டமான இடம் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. நடுவயிற்றுப் பக்கம் வைத்திருந்தால் இரண்டு கைக்கும் எட்டியிருக்கும்.

அவருடைய நிகழ்வு வழிகாட்டிக்கு முழுக்கப் பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. வொல்ஹூட்டர் தனியாக இருந்தார். தன் உயிரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். வழிகாட்டியின் பின்னால் ஒரு வாடிக்கையாளர் நிற்கிறார், கையில் குண்டு ஏற்றிய ரைஃபிளோடு, அநேகமாக வாழ்க்கையில் முதல்முறையாகப் பயந்துபோய். சிங்கம் 50 மீட்டரை நாலு நொடி அளவில் கடந்துவிடும். காயம்பட்ட சிங்கத்தைத் தேடி உயரப் புல்லுக்குள் போகும்போது முன்னால் வரும் விலங்குக்கு இணையாகப் பின்னால் இருக்கும் துப்பாக்கியும் ஆபத்து. வழிகாட்டி சிங்கத்துக்கு அடியில் கிடக்கும்போது யார் சுடுவது, எந்தக் கோணத்தில் சுடுவது, சுடவே கூடாதா என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசித்து முடிவெடுக்க முடியாது.

அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் வேட்டையின் முதல் நாள் காலையிலேயே, ஒரு விலங்கையும் பார்ப்பதற்கு முன்பே, உட்காரவைத்துப் பேசிவிடுகிறார்கள். எனக்குப் பின்னால் எந்தத் தோள்பக்கம் நிற்க வேண்டும், நான் சொல்லாமல் சுடக் கூடாது, எது வந்தாலும் ஓடக் கூடாது, நான் விழுந்துவிட்டால் தடம் பார்ப்பவர் சொல்வதைக் கேளுங்கள், முதலுதவிப் பெட்டி வண்டியில் இந்த இருக்கைக்கு அடியில், சாட்டிலைட் ஃபோன் இதோ இங்கே, இந்த எண்ணை அழுத்தினால் மீட்பு விமானத்துக்குப் போகும். சில வாடிக்கையாளர்களுக்கு இது சலிப்பாக இருக்கும், காபியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டுகிறவரிடம் அந்த எண்ணை ஒருமுறை அவரையே அழுத்திக் காட்டச் சொல்ல வேண்டும்.